லூலாவோட முகம்

புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல எறக்கி விட்டுட்டு, சர்ச்சுக்குப் பின்னாடி மஞ்ச பஸ்ஸை நிறுத்துனதும் வெர்லீன் டாக்கின்ஸ் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி லிப்ஸ்டிக் பூசிப்பா. ஸ்டீரிங்குல ரப்பர் வளையம் போட்டு போனைக் கட்டுவா. அவிச்ச வேர்க்கடலை ரெண்டை வாயில போட்டுக்கிட்டு, "வாங்கடா, ஏறுங்க. கடைசி சீட்டுல தூங்குறவனை எழுப்பி விடுங்க"ம்பா. பஸ்ஸுல ஈ காக்கா இருக்காது. போனுக்குள்ள நேரலையில ஐநூறு பேர் காத்துக்கிட்டிருப்பாங்க.

அம்பத்தேழு வயசு. பெருத்த ஒடம்பு, அதைவிடப் பெருத்த கொரல். புருசன் எவளோடயோ போனப்ப, "நல்லதாப் போச்சு, பொஸ்தக அலமாரிக்கு எடம் கெடைச்சுது"ன்னவ. மறந்துபோன கறுப்பின எழுத்துக்காரங்க, அச்சுல இல்லாதவங்க, கல்லறையில பேரு பொறிக்காமக் கெடக்கறவங்க, இவங்களைத் தேடிப் புடிச்சு சனங்களுக்குச் சொல்றதுதான் அவளுக்கு மூச்சு. அவ இருக்கற மேக்கன்ல பாதி ஊரு அவ சொல்லித்தான் அந்தப் பேருங்களையே கேட்டுச்சு. தப்பாச் சொல்றவனை மட்டும் விடமாட்டா. போன மாசம் ஒருத்தன் ஒரு கவிதைக்காரியோட பொறந்த ஊரை மாத்திச் சொல்லிட்டான். அரைமணி நேரம் அவனை உரிச்சு உப்பு தடவுனா.

இந்த வருசம் அவ கண்டுபுடிச்சது லுவேனியா ஸ்ட்ரோட். எம்பது வருசத்துக்கு முந்தி ஒரே ஒரு கதைப் பொஸ்தகம் போட்ட பொம்பள. முகம் எப்படியிருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. சர்ச்சு விழா மலர் ஒண்ணுல, 'எல். ஸ்ட்ரோட்'னு போட்டு ஒரு படம் கெடைச்சுது. தலையில தொப்பி, தாடையைத் தூக்கி வச்ச திமிரு. "எழுதறவ மூஞ்சி இப்படித்தான் இருக்கும்"னு போனுல ஏத்திட்டா. அறுபதாயிரம் பேர் பகிர்ந்தாங்க. சட்டையில அச்சடிச்சாங்க. வர்ற சனிக்கிழமை நூலகத்துல அதைப் பெருசாக்கி மாட்டப் போறாங்க. திரையை விலக்கப் போறது வெர்லீன்.

செவ்வாக்கிழமை, போனைக் கட்டிட்டு நேரலையை ஆரம்பிக்கறதுக்கு முந்தி, பஸ் கதவை ஒரு ஊணுகோலு தட்டுச்சு.

"நான் எர்னஸ்டீன். நீ போனுல போட்டிருக்கறது எங்கம்மா, லூலா ஸ்ட்ரோட். அவ கதை எழுதுனதில்ல. கையெழுத்தே போடத் தெரியாது அவளுக்கு."

எம்பத்திமூணு வயசுக் கெழவி. கைப்பையில இருந்து படத்தை எடுத்தா. அதே தொப்பி, அதே தாடை. அவ இடுப்பைக் கட்டிக்கிட்டு ஆறு வயசு எர்னஸ்டீன். சர்ச்சுக்காரங்க புள்ளையை வெட்டிட்டுத்தான் மலர்ல போட்டிருக்காங்க.

வெர்லீன் மெல்லறதை நிறுத்திட்டா.

"பெரியம்மா, சனிக்கிழமை ஒண்ணு முடியட்டும். அப்புறம் சத்தமில்லாம மாத்திடறேன்."

கெழவி படியை விட்டு நகரல.

"முப்பத்தஞ்சு வருசம் ஒரு வெள்ளைக்கார வீட்டுல சமைச்சா எங்கம்மா. அவளுக்கு முன்னாடி அங்க இருந்தவ பேரு பெசி. புதுப் பேரு வாயில வரலேன்னு இவளையும் பெசின்னே கூப்புட்டாங்க. அவ சாவுக்கு வந்தும் பெசி பெசின்னுதான் அழுதாங்க. இப்ப நீ உன் பங்குக்கு ஒரு பேரு வச்சிருக்க."

வெர்லீன் போனைப் பார்த்தா, சர்ச்சு சுவரைப் பார்த்தா.

"நான் எத்தனை பேரு தோலை உரிச்சிருக்கேன் தெரியுமா? இப்ப எல்லாம் சேர்ந்து என்னை உரிச்சிடுவாங்க, பெரியம்மா."

"உரிக்கட்டும். உனக்கென்ன, தோலு நெறையத்தான் இருக்கு."

வெர்லீனுக்குச் சிரிப்பு பாதி வந்து நின்னுது. எழுந்து, கெழவி கையைப் புடிச்சு ஏத்தி, தன் சீட்டுல உக்கார வச்சா. போனை அவுத்துக் கையில எடுத்து நேரலையை ஆரம்பிச்சா.

"நான் தப்பு பண்ணிட்டேன். அந்தப் படம் லுவேனியா இல்ல. லுவேனியா முகம் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அதை மாட்டக்கூடாது, நூலகத்துக்கு நானே சொல்லிடறேன். இது யாருன்னு அவங்க மக சொல்லுவாங்க."

போனை கெழவி பக்கம் திருப்புனா. பொய்க்காரின்னு ஒருத்தன் எழுதுனான். சட்டையை என்ன செய்யறதுன்னு ஒருத்தி. எர்னஸ்டீன் அவசரப்படல. அம்மா பீச்சுப் பழத்தை எப்படி ஒரே சீவலா உரிப்பா, சர்ச்சுல எப்படி எல்லாருக்கும் முந்தி பாட ஆரம்பிச்சு ராகத்தைக் கெடுப்பா, ஒண்ணொண்ணாச் சொன்னா. பார்க்கறவங்க எண்ணிக்கை ஐநூறு, முந்நூறு, நூத்தி நாப்பதுன்னு எறங்கிக்கிட்டே வந்துச்சு.

நடுவுல கெழவி நிறுத்துனா. "கேக்கறாங்களா பொண்ணே?"

வெர்லீன் போன் ஓரத்துல இருந்த அந்த எண்ணு மேல கட்டைவெரலை வச்சு மூடிக்கிட்டு, ஆமான்னு தலையை ஆட்டுனா.