மாக்டா செப்டம்பர் பிஷப்பை வரவழைத்த கதை

மாக்டா ஆன்ட்டியிடம் ஒரு தடவை "முடியாது" என்று சொன்னவர்கள் உண்டு. இரண்டாம் தடவை சொன்னவர்களை ஹெதர்பார்க்கில் யாரும் பார்த்ததில்லை. கேப் டவுனின் மணற்காட்டு ஓரத்தில் இருக்கும் எங்கள் பேட்டையில் இது ஊரறிந்த விஷயம். செப்டம்பர் என்பது அவருடைய குடும்பப் பெயர். சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் காலர் தைத்து, மேற்பார்வைக்காரியாகவும் ஆனவர். ஆலையை மூடியபோது மற்றவர்கள் அழுதுகொண்டு நின்றார்கள். ஆன்ட்டி நேரே முதலாளியிடம் போய், "மெஷின விக்கப் போறீங்கல்ல? மொதல்ல எனக்கு ஒண்ணு" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். பேட்டையின் வெள்ளை உடுப்புகள் எல்லாம் இன்றைக்கும் அந்த மெஷினில்தான் தைக்கப்படுகின்றன.

புனித மோனிக்கா கோயிலுக்கு உபதேசியாரும் அவர்தான். மணியடிப்பது, ஜெபம் நடத்துவது, பிரசங்கம் செய்வது, நோயாளிகளைப் பார்ப்பது, பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்வது எல்லாம் அவர் தலையில். ஒன்று மட்டும் அவரால் ஆகாது. அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதிக்க குருப்பட்டம் பெற்றவர்தான் வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு குருவானவர் வந்து மாதம் முழுக்கத் தேவையானதை ஆசீர்வதித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆன்ட்டி அதை எடுத்துப் பங்கிடுவார். "நமக்கு எப்பவும் பழையதுதான்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவ்வளவு நல்ல சிரிப்பாக இருக்காது.

அந்தக் குருவானவர் ஓக்ரிட்ஜிலிருந்து வருவார். மலையடிவாரம், காரில் இருபது நிமிஷம், வாசலுக்கு வாசல் ஓக் மரம். அங்கே ஒரே கோயிலுக்கு நாலு குருவானவர்கள். ஒருவர் பிரசங்கத்துக்கு, ஒருவர் இளைஞர்களுக்கு, ஒருவர் கல்யாணங்களுக்கு. நாலாமவர் எதற்கு என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். அந்த நாலு பேரில் தப்பித்துக்கொள்ளத் தெரியாதவர் எவரோ, அவர் எங்களுக்கு. வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஆசி கூறுவார். கார் எஞ்சின் சூடு ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்.

ஆன்ட்டிக்கு அறுபத்திரண்டு வயதான வருஷம், திடப்படுத்தலுக்கு, அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளை பிஷப் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்குக்கு, எங்கள் சபையில் முப்பத்தொரு பிள்ளைகள் தயாரானார்கள். ஓக்ரிட்ஜில் இரண்டே பேர், ஒரு அக்காவும் தம்பியும். அதுவரை பிஷப் இரண்டு இடத்துக்கும் வந்து பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அந்த வருஷம் அவருக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் ஒழிந்தது. அது ஓக்ரிட்ஜுக்கு என்று முடிவாகிவிட்டது.

ஆன்ட்டி இரண்டு ஷேர் டாக்ஸி மாறி ஓக்ரிட்ஜுக்குப் போய் நின்றார்.

"பஸ் அனுப்புறோம், மிஸஸ் செப்டம்பர்," என்றார் தலைமைக் குருவானவர் கிரிஸ்பின். நல்ல மனிதர்தான், மனதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆன்ட்டிக்கு அதனாலேயே எரிச்சல் அதிகம். "ஏசி பஸ். டீ, சாண்ட்விச் எல்லாம் எங்க பொறுப்பு. எங்க கோயிலுக்கு உங்கள மனசார வரவேற்கிறோம்."

"என்னையா வரவேற்கிறீங்க, ஃபாதர்? உங்க கோயில் வாசல்ல ஒரு கல்தொட்டி இருக்கே, அதுலதான் எனக்கு ஞானஸ்நானம். எங்க அம்மாவுக்கும் அதுலதான். நீங்க அப்ப பொறக்கவே இல்ல."

பொய்யில்லை. அந்தக் கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவர் ஆன்ட்டி. இது இனி வெள்ளைக்காரர்களின் பகுதி என்று சர்க்கார் ஒரு வருஷம் சொன்னது. லாரி வந்தது. கட்டில், பாத்திரம், கோழிக்கூடு எல்லாவற்றோடும் ஜனங்களை மணலில் கொண்டுவந்து கொட்டியது. ஜனம் இங்கே வந்தது, குருமார் அங்கேயே தங்கிவிட்டார்கள். அன்று தொடங்கிய கணக்கை இன்றுவரை யாரும் நேர் செய்யவில்லை.

கிரிஸ்பினுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது பெரிய அநியாயம்தான். ஆனா இப்ப பிரச்சன வேற. பாதுகாப்பு. உங்க பக்கம் துப்பாக்கிச் சத்தம்..."

"ஆமா, கேக்கும். அந்த முப்பத்தொரு புள்ளைங்களும் ராத்திரி எங்க படுத்துத் தூங்குதுன்னு நெனச்சீங்க?"

அவர் பெருமூச்சு விட்டார். "எங்க ரெண்டு பிள்ளைகளோட அம்மா சம்மதிச்சா, பிஷப்கிட்ட நானே பேசறேன்." மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டதாக அவர் நினைத்தார். ஆன்ட்டி அதற்குள் எழுந்து, "அந்தம்மா வீடு எது?" என்று கேட்டுவிட்டார்.

பிலிப்பா என்ற அந்தத் தாய் அன்பாகத்தான் டீ கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். மகள் இமோஜென் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"முப்பத்தொரு பேரா? இங்க வகுப்புல நானும் என் தம்பியும் மட்டும். அவன் மூஞ்சியையே ஆறு மாசமா பாத்துக்கிட்டிருக்கேன்."

"அங்க வந்தா கேக் திங்கறதுக்கே ஒனக்கு ஒரு நாள் பத்தாது," என்றார் ஆன்ட்டி.

"ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று கேட்டாள் பிலிப்பா.

"நான்."

நூறு பெண்கள் உட்கார்ந்து தைக்கும் கூடத்தில் மெஷின் இரைச்சலைத் தாண்டி ஒலித்த குரல் அது. "நீங்களும் வாங்க. என் கூடவே நடங்க. பயமா இருந்தா என் கையப் புடிச்சுக்கோங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பிலிப்பா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு எப்படி மறுப்பது? கிரிஸ்பினும் சொன்ன சொல் தவறாமல் பிஷப்பிடம் பேசினார்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பேட்டையில் திடப்படுத்தல் கோயிலோடு முடிவதில்லை. ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போக வேண்டும். கோயிலுக்கு வரும் வீடு, மசூதிக்குப் போகும் வீடு, எதற்கும் போகாத வீடு, எல்லா வீட்டிலும் மேசை விரித்திருக்கும். ஆளுக்கொரு துண்டு கேக், கையில் ஒரு கைக்குட்டையோ ஏதோ திணித்து ஒரு முத்தம். ஒரு வீட்டை விட்டுவிட்டால் தீர்ந்தது, அந்த வீட்டுக்காரி தன் சாவுக்குக்கூட உங்களைக் கூப்பிட மாட்டாள். பஸ்ஸில் போய் ஓக்ரிட்ஜில் சாண்ட்விச் தின்றுவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து இறங்கும் பிள்ளையைத் தெரு எப்படிப் பார்க்கும்?

ஆன்ட்டிக்கு அது தெரியும். லாரி வந்த வருஷம் அவருக்குப் பதின்மூன்று வயது. முன்பே பாடம் முடித்திருந்ததால், இரண்டு பஸ் மாறி ஓக்ரிட்ஜுக்கே போய்த் திடப்படுத்தல் பெற்றுக்கொண்டு மாலையில் திரும்பினார். தெருவெல்லாம் புதுக்குடி. எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டப்பட்டவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. அந்தத் தெரு முழுக்க வெள்ளை உடுப்போடு நடந்தும் ஒரு கதவும் திறக்கவில்லை. அம்மா உடுப்பிலிருந்த மணலைத் தட்டி மாட்டிவைத்தார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு கதீஜாவிடம் மட்டும் ஆன்ட்டி இதைச் சொல்லியிருக்கிறார், அதுவும் உடுப்புகளுக்கு இஸ்திரி போடும்போது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அந்த ஞாயிறு தென்கிழக்குக் காற்று மணலை வாரி அடித்தது. சபைப் பையன்களின் பாண்டு வாத்தியம் முன்னால் போக, பிஷப் எங்கள் தகரக்கூரைக் கோயிலுக்குள் நுழைந்தார். முப்பத்து மூன்று தலைகளில் கைவைத்து எழுந்தபோது அவருக்குக் கை வலித்திருக்கும். தெருமுனையில் வழக்கமாகத் துப்பாக்கியோடு நிற்கும் கோஷ்டிப் பையன்கள் அன்றும் நின்றார்கள், ஆளுக்கொரு கிண்ணம் டிரைஃபிள் என்ற கஸ்டர்டு இனிப்போடு. அவர்களில் இருவருக்கு வெள்ளை உடுப்பில் தங்கைகள் இருந்தார்கள். அன்று அங்கே கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

முதல் வீடு அடோனிஸ் குடும்பத்தினுடையது. கிரிஸ்பின் அங்கே கேக், ஆப்பிள் பை, கோழிக்கறி என்று இரண்டு தட்டு காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "அருமையான விருந்து. அப்ப நாங்க கெளம்பறோம்."

"எங்க கெளம்பறீங்க, ஃபாதர்? அந்த மொன வரைக்கும் வீடு இருக்கு. எல்லாரும் காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்காங்க."

கிரிஸ்பின் தெருவைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். பிஷப் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் இப்படி ஒரு தெருவில் வளர்ந்தவர், முதல் வீட்டில் ஒரு விள்ளல் மட்டும்தான் எடுத்திருந்தார்.

பாதித் தெரு தாண்டியதும் பிஷப் நின்றார். "கிரிஸ்பின், உங்ககிட்ட நாலு பேர் இருக்காங்க, இல்ல?"

வாய் நிறைய கேக்கோடு கிரிஸ்பின் தலையாட்டினார்.

"ஒருத்தர் இங்க வந்து குடியிருக்கட்டும். மாசத்துக்கு ஒரு நாள் இல்ல, இங்கயே."

"எதுக்குன்னு தெரியாத அந்த நாலாவது ஃபாதர அனுப்புங்க," என்றார் ஆன்ட்டி. "இங்க வந்தா எதுக்குன்னு ஒரே வாரத்துல தெரிஞ்சுடும்."

கடைசி வீடு கதீஜாவுடையது. பாகில் தோய்த்துத் தேங்காய்ப்பூ தூவிய கூக்சிஸ்டர் பலகாரம் மேசை நிறைய இருந்தது. பிள்ளைகள் பாய்ந்து உள்ளே போனார்கள். இமோஜெனும் அவர்களோடு போனாள், கை நிறையக் கைக்குட்டைகளோடு. பிலிப்பா பின்னாலேயே போனாள், காற்றில் கலைந்த தலையைப் பற்றிக் கவலையே இல்லாமல். ஆன்ட்டி வழக்கம்போல வாசலிலேயே நின்று, யாரும் விட்டுப்போகவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனைக்குப் போட்ட வெள்ளை அங்கியை அவர் இன்னும் கழற்றவில்லை.

கதீஜா வெளியே வந்தாள். "என்ன, வெளியவே நிக்கற? வெள்ள போட்டவங்க உள்ள வரணும்."

"போடி. நான் என்ன சின்னப் புள்ளையா?"

"அன்னிக்கு எனக்குப் பத்து வயசு, மாக்டா. நீ வெள்ள உடுப்போட போறத ஜன்னல் வழியா பாத்தேன். கதவத் தெறக்கட்டுமான்னு எங்க அம்மாகிட்ட கேட்டேன். யாரு எவருன்னு தெரியாது, வேணாம்னுட்டாங்க." கதீஜா கதவு நிலையில் கையை வைத்தாள். "அந்தக் கதவு இதுதான். இத ஒங்கிட்ட சொல்ல எனக்கு இத்தன வருஷம் ஆச்சு."

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொள்ள அங்கியின் கையைத் தூக்கினார். கதீஜா அந்தக் கையில் ஒரு புதுக் கைக்குட்டையைத் திணித்து, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். பிறகு உள்ளே திரும்பி, "பசங்களா, தள்ளி உக்காருங்க, இன்னும் ஒரு பொண்ணு இருக்கு!" என்று கத்தினாள்.

பிள்ளைகள் இடம் விட்டார்கள். ஆன்ட்டி உள்ளே போய் உட்கார்ந்தார்.