குதிரைக்காரனுக்கு நான் கொடுத்த அண்ணன்

எனக்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது. இன்று இதை எழுதுவது சுலபம். அன்று சொல்லியிருந்தால் மானம் போயிருக்கும். எங்கள் சொந்தத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாத்தியார் பேசுவதில் பாதி தலைக்கு மேலே போகும். ஆனாலும் தெருவே என்னைத் துரை என்று நினைத்தது. நானும் மறுக்கவில்லை.

வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருந்த என் அத்தை மகனுக்குக் கௌபாய் படம் என்றால் உயிர். ஞாயிறு காலைக்காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார், கதை சொல்ல. "என்ன மாப்ள சொல்றான்?" என்று காதருகே கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரு படத்தில், முகத்தில் துணி கட்டிய ஒருவனைச் சுட்ட கதாநாயகன், துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றான். ஏன் நின்றான்? எனக்கென்ன தெரியும்? "செத்தது அவன் கூடப்பொறந்த அண்ணன், மச்சான். சின்ன வயசுல காணாமப் போனவன்" என்று அளந்துவிட்டேன். பாவம் மனிதர், அழுதேவிட்டார். மிஷினை மிதித்தபடி ஒரு வருஷம் அந்தக் கதையை வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன், வெட்கமில்லாமல்.

அந்தப் படத்தைப் பிறகு தமிழில் எடுத்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு, கட்டிங் மாஸ்டர், பட்டனுக்குக் காஜா எடுப்பவர், பக்கத்துக் கடை பாய், நான் என எல்லோரையும் மச்சான் மேட்னிக்குக் கூட்டிப்போனார். காட்சிக்குக் காட்சி அப்படியே வந்தது. துணி கட்டியவன் விழுந்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "இப்பப் பாருங்கண்ணே, அம்புட்டுப் பேரும் அழுகப் போறீக!"

கதாநாயகன் துணியை விலக்கினான். "கூலிக்கு வந்த பய. யாரு பெத்த புள்ளையோ" என்று தொப்பியைக் கழற்றினான். அவ்வளவுதான். அடுத்தது பாட்டு.

வெளியே வந்தும் அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னய்யா டெய்லரு, அண்ணன் எங்க?" என்றார் பாய். மச்சான் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மாப்ள. இங்கிலீஷ்ல அண்ணன்தான?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வரும், இங்கிலீஷில் அவன் என்னதான் சொன்னான் என்று. துரையின் சாயம் அங்கேயே வெளுத்துவிடும்.

"நான் அப்படிச் சொல்லலையே மச்சான். நீங்கதான் மாத்தி வெளங்கிக்கிட்டீக."

சீ! இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.  மச்சான் மற்றவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆமாண்ணே, நான்தேன் தப்பா வெளங்கிக்கிட்டேன் போல. நமக்கு எங்குட்டு இங்கிலீஷ் தெரியுது?"

நான் அவருக்குக் கதை சொன்னது தமிழில். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வில்லாபுரம் வரை என்னைப் பின்னால் வைத்துச் சைக்கிள் மிதித்தவர், வழியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.