எனக்கும் நாற்றம் அடித்த காலை

நானும் அக்காவும் ஒரே மாதிரி ரெட்டை. கொஞ்சம் முந்திப் பிறந்ததால் அவள் அக்கா. மூஞ்சி, குரல், கன்னக்குழி எல்லாம் ஒரே அச்சு. அதை வைத்து ஊரையே கலாய்த்துக்கொண்டிருந்தோம்.

சென்னை ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவள், வீட்டில் ஏதோ அழுகிய நாற்றம் அடிக்கிறது என்றாள். ஆம்பூரில் இதைச் சொன்னால் யார் கண்டுகொள்வார்கள்? தோல் கம்பெனி நாற்றத்திலேயே வளர்ந்த மூக்குகளுக்கு அது உறைக்காது. வெளியூர்க்காரர்கள்தான் கர்ச்சீப் தேடுவார்கள்.

"மெட்ராஸ் போனதும் மகாராணிக்கு நம்ம ஊரு நாறுதாம்," என்று அம்மா சிரித்தாள்.

"ஊரு இல்லம்மா, சோறு. யாரோ எதையோ கலக்குறாங்க."

அதையும் கொழுப்பு என்றே எடுத்துக்கொண்டோம். பிறகு அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். சுவருக்குப் பின்னால் இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னாள். அப்புறம்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார் டாக்டர்.

"நான் எதுனா தப்பா வளர்த்துட்டேனா மேடம்?"

"இல்லம்மா. வயித்துல இருக்கும்போதே மூளையில சில இணைப்புகள் மாறி அமைஞ்சிருக்கலாம். சின்ன வயசுல தெரியாது. பெரியவளாகும்போது மூளை வேண்டாத இணைப்புகள வெட்டிச் சரிபண்ணும். அதுவும் தப்பாப் போனா, இந்த வயசுல வெளிய வரும்."

ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் அம்மா யோசித்தாள். "தோலு கட்டிங்ல கோணல் ஆனா, ஷூவ கால் அச்சுல ஏத்தும்போதுதான் தெரியும். அந்த மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட. ஆனா இது ரிஜெக்ட் பீஸ் இல்ல. மாத்திரை இருக்கு."

என் வாய் சும்மா இருக்குமா? "அதே கட்டிங்தான் மேடம் நானும்."

அவர் சிரிக்கவில்லை. "வந்தே தீரும்னு இல்ல. ஆனா மத்தவங்களவிட உனக்கு வாய்ப்பு ஜாஸ்தி. வித்தியாசமா எதுனா தோணுனா மறைக்காம வா."

அன்றிலிருந்து என் மண்டையை நானே ஒட்டுக்கேட்கிறேன். யாராவது கூப்பிட்டால் முதலில் அவர்கள் உதடு அசைந்ததா என்று பார்க்கிறேன்.

போன வாரம் பல் தேய்க்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. வாயில் நுரையோடு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, எதுனா நாறுது?"

"ஒண்ணும் இல்லயேடி." வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

ஆம்பூர் மூக்கின் சாட்சி எனக்கு எதற்கு? பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவரை மறித்தேன்.

"சார், இங்க நாத்தம் அடிக்குதா?"

"என்னம்மா கேள்வி இது? குடலைப் புரட்டுது!"

அந்த ஆளைக் கட்டிப்பிடிக்காத குறை. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். அக்காவைப் பார்த்துத் தெருவே அப்படித்தான் பின்வாங்கும். சிரிப்பு நின்றது. இத்தனை வருஷம் என் மூக்குக்கு எட்டாதது அன்றைக்கு மட்டும் ஏன் எட்டியது?

அம்மாவுக்கு போன் போட்டேன். "அக்காவ வேலூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போறப்ப எனக்கும் ஒரு சீட்டு போடும்மா."

"ரெண்டு சீட்டா போடுறேன்டி," என்றாள். அவளுக்குப் பின்னால் கம்பெனி பஸ்ஸில் பெண்கள் சிரிப்பது கேட்டது.