நாலாம் கிரகத்துக் கதவு

பேரையூர்க் கரிசலில் மழையை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். கடப்பாரை பிடித்துக் கிணறு வெட்டும் கூலியாகத் தொடங்கி, நாற்பது வயதுக்குள் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போடும் லாரியை வாசலில் நிறுத்தினேன். 'அடியில் வெறும் பாறை' என்று படித்தவர்கள் கைவிட்ட நிலங்களில் தண்ணீர் எடுத்துக் காட்டினேன். மதுரை கே.கே. நகரில் டாக்டர்களும் வக்கீல்களும் குடியிருக்கும் தெருவில் மூன்று மாடி வீடு கட்டினேன். கொத்தனாருக்கு மட்டம் பார்த்துச் சொன்னதும் நான்தான். இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். இத்தனைக்கும் மேல், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் கட்டியதிலும் எனக்குப் பங்குண்டு.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அந்த விளையாட்டின் பெயரைச் சொன்னால் இன்று தெரிந்துகொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று பாகம் வந்துவிட்டது. நான் எழுத வந்தது முதல் பாகத்தைப் பற்றி, அதில் நான் செய்த காரியத்தைப் பற்றி.

இரண்டாயிரத்தின் தொடக்கம். என் வீட்டு மொட்டைமாடி அறைக்கு வாடகைக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பையன்கள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்கள். ஒருவருக்குத் தாடி, இன்னொருவர் ஒல்லி. மூன்றாவது ஒரு பெண். சௌராஷ்டிரக் குடும்பம், அப்பாவுக்குச் சேலை வியாபாரம். போனில் வீட்டாரோடு அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டே எங்களுக்குத் தமிழில் பதில் சொல்லும். மூவரும் சேர்ந்து தமிழில் ஒரு விண்வெளி விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். நாமே கதையில் ஒரு ஆளாகி, போகிற இடமெல்லாம் பேசி, பொருள் சேர்த்து, சண்டை போட்டு, கடைசிவரை போகிற வகை. பூமியில் தண்ணீர் வற்றிவிட்டது. நாலு கிரகங்களில் தேடிக் கொண்டுவர வேண்டும். இதுதான் கதை. எழுதியது அந்தப் பெண். நாலாம் கிரகத்துக்குப் புரோகிராம் போட்டதும் அதேதான்.

தண்ணீர் தேடுகிற கதையை என் வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்தால் நான் சும்மா இருப்பேனா? பாறையைத் துளைக்கும்போது முதலில் வெள்ளைப் புழுதி வரும், பிறகு சத்தம் மாறும், ஈரம் தட்டுவதற்கு முன்னால் ஒரு அடைத்த குரல் கேட்கும் என்று சொன்னேன். அந்தப் பெண் நம்பவில்லை. லாரியில் ஏற்றிப் பேரையூர்ப் பக்கம் கூட்டிப் போனேன். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, கையில் மைக்கை நீட்டி, புழுதியில் வெள்ளைப் பொம்மை மாதிரி நின்றது.

"ஐயா, நெசமாவே சத்தம் மாறுது!"

"பின்ன? நான் என்ன கதையா விடுறேன்?"

அந்தச் சத்தம்தான் விளையாட்டில் இருக்கிறது. ஆழம் பார்க்க அளவுகோல் கிடையாது. காதால் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

விளையாட்டு முடிந்ததும் தாடித் தம்பி கீழே வந்தார். "அண்ணே, நீங்கதான் முழுசா ஆடிப் பாத்துச் சொல்லணும்."

"ஏன், ஊருல வேற ஆளே இல்லையா?"

"நாங்க ஆடுனா எங்களுக்கு வழி தெரியும், நேரா போயிருவோம். நீங்க தெருவுல கெடக்குற ஆணியக்கூட விட மாட்டீங்க. ஒங்கள மாதிரி ஆள் ஆடுனாத்தான் ஓட்டை எங்கன்னு தெரியும்."

உண்மைதான். பழைய போல்ட், அறுந்த ஒயர், உடைந்த குழாய் எதையும் நான் எறிந்ததில்லை. விளையாட்டிலும் அப்படித்தான். கையிலிருக்கும் பையில் இருபது கட்டங்கள். முதல் கிரகம் முடிவதற்குள் இருபதும் நிறைந்துவிட்டது. நல்ல பொருள் கிடைத்தால் மட்டும் மனசில்லாமல் ஒன்றைக் கீழே போடுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் உட்கார்ந்தேன். மூன்று கிரகங்களை முடித்தேன்.

நாலாம் கிரகத்தில் ஆளே கண்ணில் படவில்லை. ஒரு பாழடைந்த கூடாரம், அதில் செத்துப்போன இன்ஜினியரின் டைரி. திரை நிறைய எழுத்து. ஒன்றை முடித்தால் அடுத்தது. மொத்தம் பன்னிரண்டு.

எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் வரும். பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, தினசரியின் தலைப்பு இவற்றோடு சரி. இரண்டாவது திரையில் நின்றுவிட்டேன். பக்கத்தில் யாராவது வந்தால் வாசிப்பது போல உதட்டை அசைத்தேன். ஒரு வாரம் அப்படி ஓடியது. 'தாயி, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு' என்று கேட்டிருந்தால் அந்தப் பெண் சந்தோஷமாக வாசித்திருக்கும். மூன்று மாடி வீட்டுக்காரன் எப்படிக் கேட்பது?

முடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஒல்லித் தம்பி கைதட்டினார். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தது.

"கடைசில ஒருத்தரு வருவாரே ஐயா, எப்படி இருக்காரு?"

"நல்லாருக்காரு. சும்மா சொல்லக் கூடாது."

"வேற ஒண்ணும் தோணலையா?"

"வேற என்ன தாயி, கதைன்னா இப்படித்தான் இருக்கணும். அம்புட்டும் பிரமாதம்."

அதன் முகம் ஒரு நொடி வாடியது. இன்னும் பாராட்டு எதிர்பார்க்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் பாராட்டினேன்.

விளையாட்டு சி.டி.யாக வெளியே போனது. கொஞ்ச நாளில் போன் வரத் தொடங்கியது. நாலாம் கிரகத்தில் டைரியை வாசித்து முடித்ததும் சாவி கிடைக்கிறதாம். ஆனால் கதவு திறக்கவில்லையாம். சிலருக்குத் திறந்தது, பலருக்குத் திறக்கவில்லை. மூவரும் ஆடிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் திறந்தது. தாடித் தம்பிக்குக் கோபம்.

"நாலாம் கிரகம் ஒன்னோட வேலை. டெஸ்ட் முடிஞ்சப்புறம் எதையோ மாத்திருக்க."

"நான் ஒரு வரி மாத்தல."

"அப்ப அண்ணன் போனப்ப எப்படித் தொறந்துச்சு?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். தாடித் தம்பி கேட்டார்: "அண்ணே, ஒங்களுக்குக் கதவு தொறந்துச்சுல்ல?"

முதல் பொய்யைக்கூட வெட்கத்தில் சொன்னது என்று தள்ளிவிடலாம். இதைத் தள்ள முடியாது. அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

"தொறந்துச்சே."

அது மற்ற இருவர் பக்கம் திரும்பியது. பிறகு, "ஐயா ஏன் பொய் சொல்லப்போறாரு? நாந்தான் எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்" என்றது. பத்து நாள் அந்தத் தப்பைத் தேடியது. கிடைக்கவில்லை. பதினோராவது நாள் தன் பொருள்களை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னிடம் "போயிட்டு வாரேன் ஐயா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது. இரண்டாம் பாகத்தில் அதன் பெயர் இல்லை. மூன்றாம் பாகத்திலும் இல்லை.

அந்த இரண்டாம் பாகத்தின் பெட்டியை என் வீட்டு ஷோகேஸில்தான் வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவேன். 'இது எங்கே ஆரம்பித்தது தெரியுமா?' என்று மாடியைக் கைகாட்டுவேன்.

மூன்றாம் பாகம் வந்து நன்றாகப் போன சமயம், ஊரிலிருந்து வந்த என் மருமகன் இன்டர்நெட்டில் வந்த ஒரு கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினார். முதல் பாகம் இன்றைக்கு ஆடிப் பார்த்தாலும் நிற்கிறதா என்பதுதான் விஷயம். தோண்டும் சத்தத்தைப் புகழ்ந்திருந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து வந்தது: மூன்றாம் கிரகம்வரைதான் இந்த விளையாட்டு, நாலாவதில் கதவு திறக்காமல் பாதிப்பேர் விட்டுவிட்டார்கள், அந்தப் பகுதியை எழுதியவரின் அஜாக்கிரதையால் ஒரு நல்ல ஆட்டம் வீணானது.



மறுநாள் மத்தியானம் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, முதல் பாகத்தைப் போட்டேன். இந்த முறை ஒரு எழுத்தைக்கூட விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

நிற்கிறதா என்று கேட்டால் என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஆட்கள் தீப்பெட்டி மாதிரி இருக்கிறார்கள். சண்டை சுத்த மோசம். ஒரே பொத்தானை ஐம்பது தடவை தட்டினால் எதிரி விழுந்துவிடுகிறான். இரண்டாம் கிரகத்தில் நடக்கிற தூரத்துக்கு ஒரு மினிபஸ் விட்டிருக்கலாம். ஆனால் ஆட்கள் பேசுகிற பேச்சு கொஞ்சமும் பழசாகவில்லை. தண்ணீர்ப் பங்கீட்டுக்கு வரிசையில் நிற்கிற கிரகவாசிகள் நம் தெருக் குழாயடியில் கேட்கிற மாதிரியே பேசுகிறார்கள். துளை போடும்போது கண்ணை மூடினால் எனக்குக் கரிசல் காட்டு வெயில் முதுகில் ஏறுகிறது.

நாலாம் கிரகம் வந்தது. திரையில் விரலை வைத்துக்கொண்டு டைரியை வாசித்தேன். பன்னிரண்டு திரைக்கு ஒன்பது நாள் ஆனது. தனியாக மாட்டிக்கொண்ட ஒரு மனுஷன், தண்ணீர் வருமென்று நம்பித் துளை போட்டுக்கொண்டே இருக்கிறான். ஒரு இடத்தில் எழுதுகிறான்: 'இன்று ஈரமில்லை. நேற்றும் இல்லை. இயந்திரத்தை நிறுத்தினால் என் மூச்சு எனக்கே கேட்கிறது, அதனால் நிறுத்தவில்லை.' தண்ணீர் வராத காட்டில் எத்தனையோ நாள் நான் அப்படி நின்றிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண் எப்படிக் கண்டுபிடித்ததோ.

டைரி முடிந்ததும் 'சாவி கிடைத்தது' என்று திரையில் வந்தது. கதவருகே போனேன். திறக்கவில்லை.

பையைத் திறந்து பார்த்தேன். இருபது கட்டமும் நிறைந்திருந்தது. போல்ட், ஒயர், உடைந்த குழாய். சாவியைக் காணோம்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டைரிக்கு முன்னால் சேமித்து வைத்திருந்த இடத்துக்குத் திரும்பிப் போய், ஒரே ஒரு உடைந்த குழாயைக் கீழே போட்டுவிட்டு மறுபடி டைரியை எடுத்தேன். காலியான கட்டத்தில் சாவி வந்து உட்கார்ந்தது. பை நிறைந்திருந்தால் சாவி விழ இடமில்லாமல் போய்விடுகிறது. அவ்வளவுதான் ஓட்டை. வழி தெரிந்த அந்த மூவரும் வெறும் பையோடு போனார்கள், அவர்களுக்குத் திறந்தது. இதைக் கண்டுபிடிக்க, எதையும் கீழே போடாத ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

கதவு திறந்தது. உள்ளே ஒரு துளையிடும் லாரி. பக்கத்தில் ஒரு ஆள். தலையில் துண்டு கட்டியிருக்கிறான், தீப்பெட்டி முகத்தில் பாதிக்கு மீசை. பக்கத்தில் போய்ப் பொத்தானைத் தட்டினேன். பேசினான்.

'பாறைன்னு பயந்தா பாதாளம் போக முடியுமா? இன்னும் ஒரு கொழாய் எறக்கு.'

லாரியில் நின்றுகொண்டு என் ஆட்களைப் பார்த்து நான் கத்துகிற வார்த்தை அது. இறக்கினேன். சத்தம் மாறியது. தண்ணீர் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒருத்தர் வருவாரே, எப்படி இருக்கிறார் என்று அது கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தேடிப் போனேன். தூரமில்லை; கே.கே. நகரிலேயே ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். இத்தனை வருஷம் நான் போகாத தூரம் அது. பள்ளி விட்டதும் வாசலில், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நான் சொன்னதை முழுசாகக் கேட்டது. பிறகு சிரித்தது.

"மீசை சரியா வந்திருந்துச்சா ஐயா?"

என் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"அத மட்டும் நீங்க பாத்திருந்தா கே.கே. நகர் பூரா தண்டோரா போட்டிருப்பீங்கள்ல? ஒரு வாரமா ஒரே திரையில ஒதட்ட அசைச்சீங்க, கடைசில வாரவரப் பத்தியும் ஒண்ணும் சொல்லலன்னதும் எனக்குச் சந்தேகந்தான். நேராக் கேட்டா ஒங்களுக்குக் கூச்சமாப் போயிரும்னு விட்டுட்டேன்."

"அன்னைக்குப் படியில வச்சாவது கேட்டிருக்கலாமே தாயி."

"கேட்டா ரெண்டு பேரு முன்னால நீங்க எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுன்னு சொல்ல வேண்டி வந்திருக்கும்."

ஆக, என் மானத்தைக் காப்பாற்ற அது தன் பெயரைக் கொடுத்திருக்கிறது. நான் அதை வாங்கி ஷோகேஸில் வைத்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தாடித் தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பாகத்தைப் புதுசாகத் திருத்தி வெளியிடப் போகிறார்களாம்.

"நல்லதாப் போச்சுண்ணே, ஓட்டை கெடச்சிருச்சுல்ல, அடைச்சிருவோம். பழசையெல்லாம் எதுக்குக் கிண்டிக்கிட்டு? ஒங்க போட்டோவப் போட்டு, தோண்டும் ஒலி நம்ம அண்ணன்னு நன்றி போடுறோம், சந்தோஷந்தான?"

எனக்குச் சந்தோஷமில்லை. புகழ்ச்சி என்றால் வாங்கிப் பழகிய ஆள்தான் நான். ஆனால் சத்தத்துக்கு மட்டும் என் பெயரைப் போட்டு, கதவு திறக்காத பழிக்கு அந்தப் பெண்ணின் பெயரை ஊர் சொல்லிக்கொண்டிருக்க விட முடியாது. எழுத்தைக் கூட்டிக் கூட்டி இதை நானே எழுதியிருக்கிறேன், அச்சில் வரட்டும். தம்பிகளா, புது சி.டி.யில் நாலாம் கிரகத்துக்கு மேலே அந்தப் பெண்ணின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அதற்குக் கீழே என் பங்கைப் போடுங்கள். 'பரிசோதித்தவர்: மூன்றாம் கிரகத்தோடு நின்றவர், கதவு திறந்தது என்று பொய் சொன்னவர்.' என் பெயரை முழுசாக, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு போடுங்கள். நான் செய்த வேலை அது. எனக்கு வர வேண்டியதை வேறொருவர் தலையில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.