அம்மன் என்னிடம் இரண்டாவது முறை கேட்டாள்

மூன்றாவது வரைக்கும் படித்தவன் நான். நாலாவது போக வேண்டிய வருஷம் ஆடு மேய்த்தேன். பதினாலு வயதில் சங்ககிரியில் லாரிக்குக் கிளீனராக ஏறினேன். இருபத்தொன்றில் ஸ்டீயரிங் என் கைக்கு வந்தது. முப்பத்திரண்டில் சொந்த லாரி. இன்றைக்கு என் பெயரைத் தாங்கிப் பதினோரு லாரி ஓடுகிறது. ரோட்டோரத்தில் எடை மேடை போட்டிருக்கிறேன். இரண்டு பெண்களையும் இன்ஜினியருக்குப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தேன். நம் கோயிலின் தெற்குச் சுற்றுச்சுவர் நான் எழுப்பியது. எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. அசாம் மலையில் பிரேக் போன வண்டியை, ஏற்றிய சரக்கு சிந்தாமல் கியரிலேயே இறக்கிக் கொண்டுவந்த ஆள் நான். கூட வந்த கிளீனர் குதித்துவிட்டான். நான் குதிக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்டவன் பயந்தேன் என்று சொல்லப் போகிறேன். வெள்ளாங்காட்டு மாரியம்மனைக் கும்பிடும் நம் பங்காளிகள், மாமன் மச்சான்கள் எல்லோரும் கோயில் மலரில் இதைப் படிப்பீர்கள். படியுங்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. மறைத்துத்தான் சாகப் பார்த்தேன்.

எனக்கு உடம்பு பெருத்துக்கொண்டே போனது. லாரிக்காரன் சாப்பாடு உங்களுக்குத் தெரியும். நேரம் கிடையாது, அளவு கிடையாது. உட்கார்ந்தே வேலை. ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. அறுபதில் இன்சுலின் ஊசி. செருப்பை என் மனைவி நல்லம்மாள் குனிந்து மாட்டிவிட வேண்டியிருந்தது. அதைக்கூடப் பெரிதாக நினைக்கவில்லை. வசதி வந்தவன் உடம்பு என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். சேலத்திலிருந்து காரில் வந்துகொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். நல்லம்மாள் பக்கத்தில். சங்ககிரிக்கு இன்னும் கொஞ்ச தூரம். டமார் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் கார் நடுத் தடுப்பில் உரசிக்கொண்டு போகிறது. நான் கண்ணை மூடியதே எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் லாரி ஓட்டி ஒரு கோழியை அடித்ததில்லை நான். வண்டியை ஓரங்கட்டினேன். நல்லம்மாளுக்கு நெற்றியில் ரத்தம்.

"தூங்கீட்டீங்களா மாமா?" என்று கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டிலிருந்த எடை மெஷினில் ஏறினால் நம்பர் வரவில்லை. அதன் சக்தி அவ்வளவுதான். மறுநாள் என் எடை மேடையிலேயே ஏறி நின்றேன். லாரி ஏறும் மேடையில் ஒற்றை ஆளாக. நூற்றைம்பதில் நின்றது. வரிசையில் காத்திருந்த ராசிபுரத்து டிரைவர் ஒருவன் ஜன்னல் வழியே கத்தினான்.

"மொதலாளி, ஓவர்லோடுங்கோ! பாதியை எறக்கீட்டு வாங்க, சீட்டுப் போட்டுத் தாரோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போய்ப் பெரிய மகளுக்குப் போன் போட்டேன்.

அவள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அங்கிருந்த மெஷினில் நூற்று ஐம்பத்திரண்டு கிலோ. உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, பிஎம்ஐ ஐம்பத்து நாலு என்றார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது என்றார்கள். படுக்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ள மூச்சு மெஷின் ஒன்று கொடுத்தார்கள். பிறகு அறுவை சிகிச்சை பற்றிப் பேசினார்கள்.

இரண்டு வகை. ஒன்று ஸ்லீவ். இரைப்பையில் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு வாழைக்காய் தடிமனுக்கு ஒரு குழாய் மட்டும் விடுவது. இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேலே சின்னதாக ஒரு பை பிரித்து, குடலைத் தூக்கி அதில் நேராக இணைப்பது. எனக்குப் புரிந்தது இப்படி: முதலாவது டீசல் டேங்கைச் சின்னதாக்குவது. இரண்டாவது, டேங்கை ஒதுக்கிவிட்டு வேறு பைப் போட்டு இழுப்பது. இரண்டாவதற்கு ஆயுசுக்கும் சத்து மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும். குடலில் கை வைப்பது என்றதும் எனக்கு உயிர் போய்விட்டது.

"உங்க சுகருக்கு பைபாஸ் நல்லது ஐயா. ஸ்லீவும் பண்ணலாம். ஆனா நெஞ்செரிச்சல் இருந்தா ஸ்லீவ் பண்ணா அது ரொம்ப அதிகமாகலாம். வாய் வழியா டியூப் விட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார் டாக்டரம்மா.

வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பட்டுச் சேலை வியாபாரி. ஸ்லீவ் செய்துகொண்டு குச்சி போல இருந்தார். என் பயத்தை மூஞ்சியிலேயே படித்துவிட்டார் போல.

"நமக்குச் சின்னதுதானுங்க. மூணாம் நாள் ஊட்டுக்கு வந்தாச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன், நெஞ்செரிச்சல் இருக்குதுன்னு வாயைத் தெறந்துறாதீங்க. பெரிய பைபாசுக்குத் தள்ளி உட்டுருவாங்க."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நெஞ்செரிச்சல் பத்து வருஷமாக உண்டு. ரோஸ் நிற மருந்து பாட்டில் ஒன்று ஆபீஸில், ஒன்று காரில், ஒன்று தலைமாட்டில். புளித்த தண்ணீர் தொண்டை வரை வரும். டியூப் விட்டுப் பார்த்த அன்று டாக்டரம்மா கேட்டார்: "உள்ள லேசா செவந்திருக்கு. நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் இருக்குங்களா ஐயா?"

"இல்லீங்க. நேத்து கறி கொஞ்சம் காரம்" என்றேன்.

நல்லம்மாள் வாயைத் திறந்தாள். "அந்த ரோசு கலரு மருந்து..." நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். நூற்று ஐம்பத்திரண்டு கிலோவும் அந்தக் காலில் இறங்கியிருக்கும். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். இரண்டில் எது என்று யோசித்து ஒரு வாரத்தில் சொல்லச் சொன்னார்.

நம்மவர்களுக்கு யோசனை என்றால் பூக் கேட்பதுதானே. கல்யாணம், காடு தோட்டம் வாங்குவது, தண்ணீருக்குப் போர் போடுவது எதுவானாலும் அம்மனிடம் பூக் கேட்காமல் நாம் செய்வதில்லை. என் முதல் லாரியும் அப்படி வாங்கியதுதான். வெள்ளிக்கிழமை காலை போனேன். வெள்ளைப் பூ வந்தால் ஸ்லீவ், சிவப்பு வந்தால் பைபாஸ் என்று வேண்டிக்கொண்டேன். பூசாரி நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டார். நல்லம்மாள் ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

எனக்கு வேர்த்துவிட்டது. "இன்னொருக்கா மடிங்க" என்றேன்.

பூசாரி ஏறிட்டுப் பார்த்தார். "ஒருக்காக் கேட்டா ஒருக்காத்தானுங்கண்ணா. அம்மன் என்ன, ஏலமா உடறா?"

"செவுரு கட்டுனவன் கேக்கறேன். மடிங்க."

மடித்துக் குலுக்கிப் போட்டார். நல்லம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நா எடுக்க மாட்டேனுங்க. லாரிக்குக் கேக்கறப்ப ஒருக்காத்தானே கேட்டீங்க?"

நானே எடுத்தேன். வெள்ளை. ஸ்லீவ் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். தேதி குறித்தார்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்துதான் பயம் என்னைத் தின்ன ஆரம்பித்தது. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் கல்லீரல் சுருங்க வேண்டும் என்று வெறும் தண்ணீர் ஆகாரம். பசி ஒரு பக்கம். பயம் ஒரு பக்கம். மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இதுதான் நான் கடைசியாகக் குடிக்கும் மோரோ என்று பார்ப்பேன். லாரி ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிப் போடும். அம்மன் படத்துக்கு முன் நிற்க முடியவில்லை. அவள் சொன்னதைத் தள்ளிவிட்டு நானே எடுத்த பூ அல்லவா? அவள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். டாக்டரிடம் சொன்ன பொய் ஒன்று, அம்மனிடம் செய்த அழிச்சாட்டியம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் என் வயிற்றை விரித்து வைக்கப் போகிறேன். இதை யாரிடம் சொல்வது? நல்லம்மாளிடம் சொல்ல வெட்கம். மகள்களிடம் சொல்ல கௌரவம்.

பங்குனி, செவ்வாய்க்கிழமை. காலையிலேயே கூட்டிப்போய் பச்சைத் துணி மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். மட்டமாகப் படுத்ததும் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்தது. விழுங்கினேன். மறுபடி வந்தது. விழுங்கினேன். மேலே விளக்கு. குளிர். பல் தந்தியடித்தது. அசாம் மலையில் கூட வராத நினைப்பு அப்போது வந்தது: நான் இங்கேயே போய்விட்டால், நல்லம்மாளுக்கு மட்டும்தான் காரணம் தெரியும். அவளும் சொல்ல மாட்டாள்.

அப்போது வேண்டினேன். தாயே, உன்னை நான் ஏமாற்றப் பார்த்தேன். பூவை மாற்றியது நான். இனி கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீயாக ஒரு வழி விடு. விட்டால் பிடித்துக்கொள்கிறேன். இவ்வளவுதான் என் பிரார்த்தனை. கண்ணில் தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

ஒரு நர்ஸ் பெண் அட்டையும் பேனாவுமாக வந்தாள். பேர் கேட்டாள். வயது கேட்டாள். பல் செட் இருக்கிறதா, மோதிரம் இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, அட்டையைப் பார்த்துக்கொண்டே:

"நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் ஏதாச்சும் இருக்குங்களா தாத்தா?"

எனக்குப் புல்லரித்தது. அதே கேள்வி. அதே வார்த்தை. அவளுக்கு அது தினமும் கேட்கும் கேள்விதான். எனக்குத் தெரியும். ஆனால் நான் அம்மனிடம் இரண்டு முறை கேட்டேன். அவள் இப்போது என்னிடம் இரண்டாவது முறை கேட்கிறாள். இதைவிடத் தெளிவாக எந்தச் சாமியும் பேசாது.

இருந்தாலும் உடனே வாய் வரவில்லை. சொன்னால் பெரிய ஆபரேஷன். குடலில் கை வைப்பார்கள். சொல்லாவிட்டால் இன்றைக்கே சின்னதாக முடிந்துவிடும். பேனா அட்டையில் இறங்குகிறது. அவள் 'இல்லை' என்று போடப் போகிறாள்.

"இருக்குது சாமி" என்றேன். "பத்து வருஷமா இருக்குது. பொய் சொல்லீட்டேன்."

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா வந்தார். கோபத்தில் அவருக்கு மூக்கு சிவந்திருந்தது.

"என்னங்க ஐயா இது? எங்க அப்பாவா இருந்தா நல்லாத் திட்டியிருப்பேன்."

"திட்டு கண்ணு. உங்கொப்பன்னே நெனச்சுத் திட்டு."

அன்றைக்கு ஆபரேஷன் இல்லை. எழுப்பி உட்கார வைத்தார்கள். அமிலம் எவ்வளவு மேலே வருகிறது என்று இன்னும் சோதனை செய்தார்கள். நிறையவே வந்தது. நல்லம்மாள் முதலில் எடுத்த இலை சொன்னதையே டாக்டரம்மாவும் சொன்னார்: இந்த உடம்புக்கு பைபாஸ்தான். ஸ்லீவ் செய்திருந்தால் எரிச்சல் தாங்காமல் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வந்திருக்கலாம் என்றார்.

மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ஆடு போல நடுங்கினேன். ஆனால் இந்த முறை மறைத்து வைத்த பயம் இல்லை. நல்லம்மாளிடம் முதல் நாளே அழுதுவிட்டேன். "சாமி கையெப் புடிச்சுப் போட்டா, உடாது. பேசாம போயிட்டு வாங்க" என்றாள். மிதிபட்ட கால் பெருவிரல் நகம் இன்னும் கறுத்தே இருந்தது.

இப்போது தொண்ணூற்றெட்டு கிலோ. இன்சுலின் ஊசி நின்றுவிட்டது. ரோஸ் பாட்டில் இல்லை. மூச்சு மெஷினும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சும்மா கிடைக்கவில்லை. கைப்பிடிச் சோறுதான் சாப்பாடு. தினமும் மாத்திரை. பைபாஸ் வயிற்றுக்கு இனிப்பு ஆகாது என்பதை மறந்து ஒரு கல்யாணத்தில் ஆசைப்பட்டு இரண்டு ஜிலேபி தின்று, பந்தியிலேயே நெஞ்சு படபடத்து வேர்த்து விழுந்தேன். அப்புறம் இனிப்பைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். செருப்பை நானே குனிந்து மாட்டுகிறேன்.

உங்களில் உடம்பு கனத்து, என்னைப் போலப் பயந்துகொண்டிருப்பவர்கள் இருப்பீர்கள். எந்த ஆபரேஷன் என்று என்னிடம் கேட்காதீர்கள். என் வயிறு வேறு, உங்கள் வயிறு வேறு. டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். அம்மனிடம் பூக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவள் கைவிட மாட்டாள். தப்பான பூவை எடுத்தவனையே தேடி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவள் அவள்.

கடைசியாக ஒன்று. போன நோம்பியில், கோயில் திருவிழாவில், மைக்கில் என் கதையைச் சொன்ன பூசாரி, 'அம்மன் அருளால் பிழைத்தார்' என்று முடித்துக்கொண்டார். அருள்தான், ஒத்துக்கொள்கிறேன். கேள்வியை அவள் அனுப்பினாள். பதிலை அவளா சொன்னாள்? பல் தந்தியடிக்க, குடல் போனாலும் போகட்டும் என்று 'இருக்குது' என்று சொன்ன வாய் என்னுடையது. சுவர் கட்டியதைவிட, லாரி வாங்கியதைவிட, என் ஆயுசில் நான் செய்த பெரிய காரியம் அதுதான். ஆகவே மலர்க் குழுவினர் இதை அச்சடிக்கும்போது அம்மன் படத்துக்குக் கீழே என் பெயரையும் போட வேண்டும். உண்மையைச் சொன்னது இவர் என்று பக்கத்தில் எழுத வேண்டும். சின்ன எழுத்தாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.