யோசனைப் பெட்டியின் சாவி

எண்பதுகளில் ஒரு கோடையில் எங்கள் பூட்டுப் பட்டறை முதலாளி மதுரையில் ஏதோ ஜப்பான் முறை நிர்வாக வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது திண்டுக்கல்காரர், வரும்போது பாதி ஜப்பான்காரர். "வீண் நடை கூடாது, வீண் இருப்பு கூடாது, வேலை வாய்க்கால் தண்ணியாட்டம் ஓடணும்" என்று எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினார். அவர் பேசி முடிக்கும்வரை அத்தனை பேரும் வீணாகத்தான் நின்றோம்.

ஆனால் வீண் நடை என்றது எனக்குச் சுருக்கென்றது. அப்போது நான் முழுகாமல் இருந்தேன். அரம் போடும் மேசை கூரைக்குள்ளே. நான் மெருகு போடும் மேசை முற்றத்தைத் தாண்டி, கிணற்றுக்கு அந்தப் பக்கம். கத்திரி வெயிலில் பூட்டுக் கூடையை இடுப்பில் வைத்து நாளெல்லாம் நடக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. வேலையை விடவும் வழியில்லை.

"மொதலாளி, அந்த மேசைய இங்கிட்டுத் தள்ளிப் போட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"வாயால சொல்லக் கூடாதும்மா. எழுதி யோசனைப் பெட்டியில போடு. அதான் முறை" என்றார்.

சுவரில் ஒரு தகரப் பெட்டியை மாட்டி, எங்கள் பட்டறையின் மூத்த பூட்டுக்காரரான மேஸ்திரி தன் கையால் செய்த, மாங்காய் வடிவப் பூட்டு ஒன்றைப் போட்டிருந்தார். நானும் எழுதிப் போட்டேன்.

முதலாளி மொட்டை போடப் பழனிக்குப் போனார். போன இடத்தில் பெட்டிச் சாவி தொலைந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு மேஸ்திரியின் காதில் மட்டும் கிசுகிசுத்தார். மேஸ்திரி பட்டறைக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னார்:

"பூட்டிக் கெடக்குற பூட்டுக்கு மறுசாவி போடுறது களவாணிப்பய வேலை. நான் செஞ்ச பூட்ட நானே நெம்பித் தெறந்தா நாளைக்கு எவன் வாங்குவான்?"

எங்கள் தொழிலில் அதற்கு மறுபேச்சு கிடையாது. ஆக, அத்தனை பூட்டுக்காரர்கள் இருந்த பட்டறையில் ஒரு பூட்டைத் திறக்க ஆளில்லை. நான் கேட்கும்போதெல்லாம் "பெட்டியப் பாக்குறேம்மா" என்பார் முதலாளி. பொய்யில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் தலைசுற்றி, கூடையோடு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மேஸ்திரி அரத்தைக் கீழே வைத்தார்.

"அழுகாத ஆத்தா. மொதலாளி வீட்டுல சாப்புட்டுச் செத்த நேரம் படுத்துட்டு வாரதுக்குள்ள முடிச்சிருவோம். எந்திரிங்கப்பா!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, என் மேசையைத் தூக்கி வந்து அரம் போடும் மேசையோடு ஒட்டிப் போட்டார்கள். பூட்டு அவர்கள் கையிலிருந்து நேராக என் கைக்கு வந்தது. அப்பாடா என்றிருந்தது.

முதலாளி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"பெட்டியில எழுதிப் போட்டேனே மொதலாளி, படிக்கலையா?" என்றேன்.

முதலாளி பெட்டியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

"படிச்சேன், படிச்சேன். நல்ல யோசனைதான்" என்றார் முதலாளி.

மகள் சுகமாகப் பிறந்தாள். நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பெட்டி பூட்டியபடியேதான் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி முதலாளி பெருமைப்படுவார். எங்களுக்கு எது வேண்டுமென்றாலும் முதலில் செய்துவிட்டு, பெட்டியில் எழுதிப் போட்டதாகச் சொன்னோம். அவரும் படித்துவிட்டதாகச் சொன்னார்.