குற்றாலத்தில் பஞ்சம் உண்டாக்கும் வேலை

1. சேர்ந்த அன்று

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் சர்க்கார் வேலை, குற்றாலத்தில் பஞ்சம் உண்டாக்குவது. சிரிக்காதீர்கள். கூலிப் பதிவேடான மஸ்டர் ரோலில் ‘ஃபீல்டு மேன், தற்காலிகம்’ என்றுதான் இருந்தது. செய்த வேலை அதுதான்.

மலைமேல் பைன் மரத் தோப்பு போடலாமா என்று வனத்துறை மேலிடத்தில் ஒரு யோசனை. மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும், உரம் போட்டால் கூடக் குடிக்குமா, மழை பொய்த்தால் என்ன செய்யும் என்று பார்க்க மண்ணெண்ணெய் டின்களில் பதினாறு கன்றுகள் வைத்தார்கள். முதல் நாலுக்கு உரமும் தண்ணீரும். அடுத்த நாலுக்கு உரம் மட்டும். அதற்கடுத்த நாலுக்கு ஒன்றுமே கிடையாது. கடைசி நாலுக்குத் தண்ணீர் மட்டும். தினமும் காலையில் ஒவ்வொரு டின்னையும் தராசில் ஏற்றி, புதிதாக வந்த கிலோக் கற்களைப் போட்டு எடை பார்க்க வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் செலவு.

ஆனால் சீசன் நேரம். சாரல் மேலிருந்து மட்டுமா வருகிறது? பக்கவாட்டில் வரும், கீழிருந்தும் வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, சுற்றிலும் தார்ப்பாய் கட்டி ஒரு ஷெட் அடித்தோம். வாச்சர் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு இது தாங்கவில்லை.

“ஊரெல்லாம் மழ வேணும்னு கும்பிடுதான். நீ குத்தாலத்துல உக்காந்து மழய வெரட்டுதியே, வெளங்குமாலே?” என்றார்.

விளங்கியாக வேண்டும். எனக்கு நிக்காஹ் பேசியிருந்தார்கள். வடகரையில் நாங்கள் தறிக்காரர்கள். மாப்பிள்ளை சர்க்கார் வேலை என்றதும்தான் பெண் வீட்டார் தலையாட்டினார்கள். ‘தற்காலிகம்’ என்பதை மட்டும் என் வாப்பா அவர்களிடம் சொல்லவில்லை. இந்தப் பரிசோதனை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம். கெட்டால் வேலையும் இல்லை, பெண்ணும் இல்லை.

2. ஏழாம் டின்

இரண்டாவது வாரம் வந்தது வம்பு. உரம் மட்டும் போட்ட ஏழாம் டின் எடை குறையவில்லை. கூடியது. தராசைத் துடைத்தேன், கல்லை மாற்றினேன், மறுபடியும் ஏற்றினேன். அப்போதும் கூடுதல்தான். ரிஜிஸ்தரில் குறைத்து எழுதிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. எழுதவில்லை. நல்லவன் என்பதால் அல்ல, பயம்.

ரேஞ்சர் ஐயா கும்பகோணத்துப் பக்கத்து ஆள். ரூல் என்றால் ரூல். தினமும் விடிந்ததும் அருவியில் குளித்துவிட்டுத்தான் ஷெட்டுக்கு வருவார். ரிஜிஸ்தரைப் பார்த்தவர் மூக்கு சிவந்தது.

“பாவம் பார்த்துத் தண்ணி ஊத்தறியா மைதீன்?”

அல்லா மேல் ஆணையாக இல்லை என்றேன். அண்ணாச்சி குலசாமி மேல் சத்தியம் செய்தார். ஐயா எதையும் நம்பவில்லை. ஒரு திண்டுக்கல் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். காலையில் அவர் வந்து திறப்பார், கூடவே நின்று எடை பார்ப்பார், பூட்டிக்கொண்டு போவார். ஒரு வாரம். ஏழாம் டின் எடை கூடிக்கொண்டேதான் இருந்தது.

இப்போது ஐயாவுக்கு வேறு பைத்தியம் பிடித்தது. உரம் தின்ற பைன், பஞ்சத்தில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சுகிறதாம். நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டார். அவர் நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

“அவர் நம்பலேன்னா, நீதான் தண்ணி ஊத்தினேன்னு எழுதிடுவேன்” என்றார் என்னிடம்.

3. இன்ஸ்பெக்‌ஷன்

மேலதிகாரி வந்தார். குற்றாலம் வந்தவன் குளிக்காமல் வேலை பார்ப்பானா? நேராக அருவிக்குப் போய்விட்டு, தலை சொட்டச் சொட்ட ஷெட்டுக்குள் நுழைந்தார். ஊரில் அப்போது ஈரமில்லாத இடம் எங்கள் ஷெட் ஒன்றுதான். டின்களுக்கு மேலே நம்பர் அட்டை தொங்கவிடக் கம்பி கட்டியிருந்தோம். பேசிக்கொண்டே தன் துண்டை அதில் போட்டார்.

ரேஞ்சர் ஐயா காற்று, ஈரம் என்று ஆரம்பித்தார். டக். எட்டாம் டின்னில் ஒரு சொட்டு விழுந்தது. டக். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பக்கத்திலேயே, ஏழாம் டின்னுக்கு நேர் மேலே, சிவப்புக் கரை போட்ட இன்னொரு ஈரத்துண்டு. தினமும் எடை பார்த்து முடித்ததும் ரேஞ்சர் ஐயா காயப்போட்டுப் பூட்டிவிட்டுப் போகும் துண்டு. என் கண் முன்னால்தான் போடுவார். நான் தறிக்காரன் மகன், துண்டின் கரையைப் பார்த்தேனே ஒழிய ஈரத்தைப் பார்க்கவில்லை.

“இது யாரோடது?” என்றார் மேலதிகாரி.

“என்னோடதுதான் சார்.”

“மரம் காத்துலேர்ந்து குடிக்கலே ஓய். உம்ம துண்டுலேர்ந்து குடிக்குது.”

அண்ணாச்சி இருமுவதுபோல வெளியே போய்விட்டார். மேலதிகாரி ரிஜிஸ்தரைப் புரட்டினார். “பயந்துபோய் எடையை மாத்தாம அப்படியே எழுதியிருக்கான். இவனை விட்டுடாதீர்” என்றார். அந்த ஆவணியில் நிக்காஹ் நடந்தது. வாப்பா ஊரெல்லாம் ‘பெர்மனன்ட்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஷெட்டுக்கு வெளியே துணி காயப்போட ஒரு கொடி கட்டிவிட்டு, புதுக் கன்றுகளோடு மறுபடி தொடங்கினோம். உரமும் தண்ணீரும் கிடைத்தவை ஊசியிலையாகத் தள்ளின, குடித்தும் தீர்த்தன. உரம் கிடைத்துத் தண்ணீர் கிடைக்காதவை குடிப்பதைச் சட்டென்று குறைத்துக்கொண்டு, இருந்த ஈரத்தில் ஓட்டின. காற்றைக் குடித்தது ஒன்றுமில்லை.

இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கணக்கு உதைத்தால், அடுத்தவனைச் சந்தேகப்படுமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

அதோடு இன்னொன்று. பூட்டுப் போடும்வரை பன்னிரண்டாம் டின்னும் எடை குறையாமல் அப்படியே நின்றது. கூடவில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. அதற்கு மேலே தொங்கியது என் கைலி. ரேஞ்சர் ஐயா பிழியாமல் போட்டார், நான் பிழிந்து போட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.